நூற்றுப் பதினேழாம் புள்ளி

மைத்துனன் நிலம் வாங்கிவிட்டதாகச் சொன்னபோது திருகாணிக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. வண்டிகளுக்கு சீட் தைக்கிற தொழில் அவனுக்கு. பத்தடிக்குப் பத்தடி வாடகைக் கடையில் ரெக்சின் சுருள்களுக்கும் ஸ்பாஞ்ச் பாளங்களுக்கும் நடுவே பாதி ஆயுசைக் கழித்தவன். "ஊரு பூரா உக்கார எடம் பண்ணிக் குடுக்கறேன், எனக்குன்னு உக்கார ஒரு எடம் இல்ல பாருங்க" என்று அவன் சொல்லாத நாள் கிடையாது.

எங்கே வாங்கியிருக்கிறான் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவையும் அத்தானையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் ஒரே பேச்சு.

"தரகன் நாலு எடம் காட்டினான் அத்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை சொன்னான். நான் அவன் கதையெல்லாம் கேக்கலையே! நேரா உங்க ஆபீசுக்குப் போயி, சுவத்துல மாட்டியிருக்கே அந்தப் பெரிய படம், அதைப் பார்த்தேன். மூணு எடம் மஞ்சளு. இது ஒண்ணுதான் பச்சை. இலை மாதிரி பச்சை. கண்ணை மூடிட்டு முடிச்சுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்ளே."

"கேக்காம என்ன? படத்தைக் கேட்டா உங்களைக் கேட்ட மாதிரிதானே? அத்தனை குழியும் நீங்க போட்டதுதானே?"

முன்சீட்டில் இருந்த மனைவி திரும்பித் தன் புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். தம்பி வாயால் அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

பெரிய ரோட்டிலிருந்து வண்டி இடதுபுறம் திரும்பியது. புதிதாகப் போட்ட மண்பாதை. கொஞ்ச தூரத்தில், பாதி இடிந்த செங்கல் சூளையின் சிம்னி ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது. திருகாணிக்கு அந்தச் சிம்னியைத் தெரியும். வண்டி வேறெங்காவது திரும்பிவிடாதா என்று பார்த்தார். அது சிம்னியைத் தாண்டி, நேராகப் போய், சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த ஒரு சதுரத்தின் ஓரமாக நின்றது.

"எப்படி?" என்றான் மைத்துனன், கைகளை விரித்து.

சுற்றிலும் மனைக்கற்கள். நாலைந்து இடங்களில் பாதி எழும்பிய சுவர்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஆள் குடிவந்திருந்தார்கள். ஒரு பஸ் டிரைவர், அவர் மனைவி, ஒரு கைக்குழந்தை. அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "சீக்கிரம் கட்டுங்கண்ணே. அவர் வண்டிக்குப் போயிட்டார்னா பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கா இல்ல" என்றாள்.

திருகாணி தண்ணீரை வாங்கிக் கடகடவென்று குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் ஆளாக வண்டியில் போய் உட்கார்ந்தார்.

*

திருகாணி என்பது அலுவலகத்தில் அவருக்கு விழுந்த பெயர். நில வரைபட அலுவலகத்தில் மண் துளைக்கிற வேலை. ஆளுயரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு, அதன் நுனியில் திருகு, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தால் தண்டு அங்குலம் அங்குலமாக இறங்கும். ஒவ்வொரு முழத்துக்கும் வெளியே இழுத்து, திருகில் அப்பியிருக்கும் மண்ணை வழித்துப் பையில் போட்டு, பையின் மேல் எண் எழுத வேண்டும். எண்ணுக்கு நேராகப் படிவத்தில் நிறம், ஈரம், கெட்டியா இளக்கமா என்று குறிக்க வேண்டும். இருபது வருஷமாக இதே வேலை. உள்ளங்கை இரண்டும் செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஊரையும் ஊரைச் சுற்றிய வெளியையும் முழுசாக அளந்தார்கள். எந்த நிலம் வீடு கட்ட ஆகும், எது பயிருக்கு ஆகும், எங்கே தொழிற்சாலை வரலாம், எங்கே குப்பை கொட்டலாம் என்று தீர்மானிக்க ஒரு படம் வேண்டியிருந்தது. மேலேயிருந்து எடுத்த படங்களில் சரிவு தெரியும், தண்ணீர் தெரியும், ரோடு தெரியும். மண்ணுக்குள்ளே இருப்பது தெரியாது. அதற்குத்தான் துளைக்கிறவர்கள். நாலு கோஷ்டி போட்டு, கோஷ்டிக்குத் துளைக்க ஒரு ஆள், ஆளுக்கு இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள் என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

நூற்றுப் பதினேழாம் புள்ளி அந்தச் சூளைக்குப் பின்னால் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம். முள்ளுக்குள் புகுந்து சட்டை கிழிந்திருந்தது. தண்டு ஒரு சாண் இறங்கி 'டங்' என்றது. செங்கல் துண்டு. ஓரடி தள்ளி வைத்தார், மறுபடியும் செங்கல். மூன்றாவது முறையும் அதே. இறங்காவிட்டால் 'இறங்கவில்லை' என்று எழுதிவிட்டு, பத்தடி தள்ளிப் புதிதாகத் துளைக்க வேண்டும் என்பது விதி. அது அவருக்கு மனப்பாடம். ஆனால் கையில் கொப்புளம் உடைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலையில் போட்ட நூற்றுப் பதினாறாம் குழியின் மண் பை பையாகத் தோளில் தொங்கியது. நல்ல செம்மண், சரளை கலந்து கெட்டியான மண். கால் மைல் தள்ளியிருக்கிற இடத்தில் வேறென்ன இருந்துவிடப் போகிறது? பைகளைப் பிரித்துப் பாதி மண்ணை வேறு பைகளில் கொட்டினார். மேலே நூற்றுப் பதினேழு என்று எழுதினார். நிழலில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இருபது வருஷத்தில் அவர் செய்த ஒரே கள்ளத்தனம் அது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தார்.

*

மைத்துனன் ஒரு வாரம்கூடத் தாமதிக்கவில்லை. அஸ்திவாரம் தோண்ட ஆள் விட்டான். தினமும் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து அன்றைய கதையைச் சொல்லிவிட்டுத்தான் போவான்.

"கொத்தனார் சொல்றாரு, மண்ணு மெத்து மெத்துன்னு இருக்கு தம்பி, இன்னும் ரெண்டடி போவோமான்னு. மெத்துன்னு இருந்தா நமக்கு ராசிதான் கொத்தனாரேன்னேன். நம்ம தொழிலே அதுதானே!" என்று சொல்லி அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

"ரெண்டடி போனீங்களா?" என்றார் திருகாணி.

"எதுக்கு? படத்துல கெட்டி மண்ணுன்னு போட்டிருக்கே. அவரு கூலிக்குச் சொல்வாரு. செங்கல் கல்லா வருது, சாம்பலா வருது, பழைய சூளை இல்லையா, வரத்தானே செய்யும்?"

"தண்ணி ஊறுதா?"

"லேசா. காலைல போனா குழியில ஒரு விரக்கடை நிக்குது. ஏன் அத்தான் ஒரு மாதிரி கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார்.

தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மனைவி பார்த்தாள். ஒரு வாரமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சோறு இறங்கவில்லை. குளிக்கப் போனால் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும், மனிதர் வெளியே வரமாட்டார். கேட்டால் வேலை ஜாஸ்தி என்பார். அவளும் அப்போதைக்கு விட்டுவிடுவாள்.

அஸ்திவாரம் முடிந்து சுவர் இடுப்பளவு வந்த ஞாயிற்றுக்கிழமை, கொத்தனார் வராத நாளாகப் பார்த்து, திருகாணி அலுவலகத்துத் தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். உச்சிவேளை. மைத்துனன் மனையின் பின்மூலையில் தண்டை நட்டுச் சுற்றினார். ஒரு சாணில் செங்கல். கடப்பாரையால் குத்தி அதை உடைத்துவிட்டு மறுபடி சுற்றினார். இரண்டடி, மூன்றடி. சாம்பலும் கரியுமாக வந்தது. நாலாவது அடியில் கைப்பிடி திடீரென்று கையை விட்டு நழுவித் தண்டு தானாகவே சர்ரென்று உள்ளே போயிற்று. தடுமாறி முழங்காலில் விழுந்தார்.

இருபது வருஷத்தில் அவர் தண்டு அப்படிப் போனதில்லை.

இழுத்துப் பார்த்தார். திருகில் கறுப்பாக ஒரு சேறு. அழுகல் நாற்றம். அதில் ஒரு துணிக்கிழிசல், கண்ணாடிச் சில்லு, வார் அறுந்த ரப்பர் செருப்பின் பாதி. சூளைக்கு மண் எடுத்த பள்ளம் இது. எடுத்துத் தீர்ந்த பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டி நிரப்பி, மேலே உடைந்த செங்கல்லைப் பரப்பியிருக்கிறார்கள். ஆழம் எவ்வளவு என்று அறிய இன்னொரு நீட்டுத் தண்டைப் பூட்டி இறக்கினார். அதுவும் முழுசாகப் போயிற்று. தரை தட்டவே இல்லை.

எதிர்வீட்டு டிரைவரின் மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "லீவு நாள்லயும் வேலையாண்ணே?" என்று குரல் கொடுத்தாள். குழியைக் காலால் மூடிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

*

அன்று சாயங்காலம் மைத்துனன் வந்து உட்கார்ந்ததும் திருகாணி பீடிகை எதுவும் போடவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். சொல்லும்போது செருப்புப் பாதியையும் காகிதத்தில் பொதிந்து எடுத்து முன்னால் வைத்தார்.

மைத்துனன் முதலில் சிரித்தான். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்தான்.

"விளையாடறீங்களா?"

"இல்ல மாப்ளே."

"அப்ப அந்தப் பச்சை..."

"நான் பைய மாத்தினதால வந்த பச்சை."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசல்படியில் நின்றாள். புருஷன் இத்தனை நாளும் உண்ணாமல் இருந்ததற்கு அர்த்தம் அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது.

மைத்துனன் எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்தான். "உங்க மேல வச்ச நம்பிக்கைல போய் விழுந்தேனே! வேற எவனாவது செஞ்சிருந்தா சட்டையப் பிடிச்சிருப்பேன். உங்களை என்ன பண்றது?"

"பிடி. நான் வேண்டாம்னு சொல்லலை."

பிடிக்கவில்லை. ஜன்னல்வரை போனான். திரும்பியபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. குரலும் இறங்கியிருந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப தெரிய வேண்டாம். ஒரு மாசம் வாயத் தெறக்காதீங்க. சுவத்தோட சேத்துக் கைமாத்தி விட்டுர்றேன். படத்துல பச்சைதானே? வாங்கறவன் படத்தைப் பாத்துத்தானே வாங்குவான்?"

"மாப்ளே, அது..."

"நீங்க எனக்குப் பண்ணினதுக்கு இந்த ஒரு மாசம் குடுக்கக் கூடாதா?"

அந்தக் கேள்வியில் திருகாணிக்கு நியாயம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"வாங்கறவனுக்கும் ஒரு அக்கா இருப்பாடா."

"நீ சும்மா இரு அக்கா. உன் புருஷன் பண்ணின வேலைக்கு..."

"அவர் பண்ணினது தப்புதான். வெயில்ல சோம்பிப்போய்ப் பண்ணினது. நீ பண்ணப் போறது அப்படியில்ல, தெரிஞ்சே பண்றது." புருஷன் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலைல ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருங்க. வேலை போனா போகுது."

மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுக்காகப் போட்ட டீ ஆறி, மேலே ஆடை படிந்தது.

*

படம் வரைகிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு நடுவே, போர்வை மாதிரி ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பாள். திருகாணி காகிதத்தை நீட்டினார். வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"அண்ணே, நீங்களா?"

"நான்தான் மேடம்."

வைது தீர்ப்பாள் என்று நினைத்தார். அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் முழுவதும் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள் விரிந்தன.

"இங்க பாருங்க. சரிவுக்கு இத்தனை மார்க், தண்ணி மட்டத்துக்கு இத்தனை, ரோட்டுக்கு இத்தனைன்னு போட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவோம். மண்ணுக்குத்தான் இருக்கறதுலயே அதிக மார்க். நீங்க துளைக்காத எடத்துக்குக் கம்ப்யூட்டர் பக்கத்துப் புள்ளியப் பாத்து ஊகிச்சுக்கும். இந்தச் சூளைக்கு அந்தப் பக்கம் வேற புள்ளியே இல்ல. அதனால உங்க நூத்திப் பதினேழைத்தான் பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்கு."

"எவ்வளவு தூரம்?"

அவள் புள்ளியின் மேல் அம்பை வைத்து அழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தண்டு சொன்ன கணக்கை அதில் இட்டாள். திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு நிறங்கள் திரும்பி வந்தன. சூளையின் பின்னால் இருந்த பச்சை வற்றி, மஞ்சளாகி, நடுவில் சிவப்பாகப் பரவியது.

"பத்தொம்பது மனை" என்றாள், எண்ணிவிட்டு. "அஞ்சுல கட்டடம் வந்தாச்சு. இந்த ஓரமாப் பாருங்க, பால்வாடிக்குன்னு ஒதுக்கின எடமும் வருது."

திருகாணி திரையில் அந்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு மத்தியானத்தில், ரொட்டி தின்கிற நேரத்துக்குள் அவர் செய்த வேலை, சின்னக் குழந்தைகள் உட்காரப் போகிற இடம்வரைக்கும் போயிருந்தது.

"உங்க கோஷ்டில இது ஒண்ணுதானா அண்ணே?"

"சத்தியமா ஒண்ணுதான்."

"நம்பறேன். மத்த மூணு கோஷ்டி?"

வெயிலிலும் முள்ளிலும் அவர்களும்தான் நின்றார்கள். அவள் அந்தப் பெரிய படத்தை, அதன் பச்சை முழுவதையும், முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

அதிகாரி காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருகாணியை வேலைக்கு வர வேண்டாம் என்றார். மனைக்காரர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும், அதற்குக் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி அடுத்த வியாழக்கிழமை கூடும் என்றார்.

"ஐயா, ஒரு வீட்டுல ஆள் இருக்காங்க. கைக்குழந்தை இருக்கு."

"வியாழக்கிழமைன்னு சொன்னேனே."

வெளியே வந்தபோது வானம் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது.

*

மழை இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை, வியாழக்கிழமைவரை பொறுக்க முடியாதென்று திருகாணி குடையை எடுத்ததும் மனைவியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வீட்டைக் காலி பண்ணுன்னு நான் சொன்னா அந்தப் பொண்ணு கேட்பா. உங்களைப் பாத்தா பயந்துக்குவா" என்றாள்.

மண்பாதையில் வண்டி போகாது என்று பெரிய ரோட்டிலேயே இறங்கிக்கொண்டார்கள். கணுக்கால் சேற்றில் நடந்தார்கள். சிம்னிவரைக்கும் தண்ணீர் நின்றிருந்தது. ஆனால் மனைகள் இருந்த இடத்தில் நிற்கவில்லை. பெய்ததையெல்லாம் நிலம் குடித்துக்கொண்டே இருந்தது. அதுதான் திருகாணிக்கு அச்சமாக இருந்தது.

டிரைவர் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து இழுக்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் வந்தது.

"மழைக்குக் கதவு உப்பிக்கிச்சுண்ணே. நேத்து இழுத்து இழுத்துத் தெறந்தோம். இன்னிக்கு அவர் போறப்ப எப்படியோ தெறந்துச்சு, இப்ப அசைய மாட்டேங்குது. பின்கதவு முந்தாநாளே மாட்டிக்கிச்சு."

திருகாணி கதவைத் தொட்டுப் பார்த்தார். இரும்புக் கதவு. இரும்பு மழைக்கு உப்பாது. நிலைதான் கோணியிருந்தது. மேல்மூலையிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பிக் கூரைவரை போயிருந்தது, உள்ளே ஒரு விரல் நுழையும்.

"குழந்தை எங்கம்மா?" என்றாள் மனைவி.

"தூங்குதுக்கா. ஏன்?"

"தூக்கிக்கோ. வேற எதையும் எடுக்காத. குழந்தையத் தூக்கிக்கிட்டுக் கதவுகிட்ட வா."

அவள் குரலில் இருந்த எதுவோ அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்க விடவில்லை.

திருகாணி தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தபோது எதிரே அரைகுறைச் சுவருக்குள்ளிருந்து ஒருவன் தலையை நீட்டினான். மைத்துனன். நனைகிற சிமெண்டு மூட்டைகளை ரெக்சின் போட்டு மூட வந்திருக்கிறான். மூன்று நாளாக அவன் முகத்தைக் காட்டவில்லை.

"மாப்ளே! கடப்பாரை!"

ஒரு கணம் நின்றான். பிறகு கடப்பாரையோடு ஓடிவந்தான். இருவரும் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் அதைக் கொடுத்து நெம்பினார்கள். மழை கண்ணை மறைத்தது. மைத்துனனின் கை வழுக்கித் தோல் உரிந்தது, விடவில்லை. 'கிறீச்' என்று கதவு ஒரு முழம் திறந்தது. அந்த இடுக்கு வழியாகக் குழந்தை முதலில் வந்தது. மனைவி வாங்கி முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே அந்தப் பெண் பக்கவாட்டில் ஒடுங்கி, சேலை கிழிய, வெளியே வந்து விழுந்தாள்.

எல்லாரும் நாலெட்டு எட்டி வந்திருப்பார்கள். வீட்டின் பின்புறத்தில், ஈர மூட்டையை இறக்கி வைத்த மாதிரி 'பொத்' என்று ஒரு சத்தம். பாத்திரங்கள் உருளும் ஓசை. சமையலறைச் சுவர் விழவில்லை. அப்படியே நின்றவாக்கில் ஜன்னல் மட்டத்துக்குத் தரைக்குள் உட்கார்ந்தது.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடுப்புல பால் வச்சிருந்தேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மைத்துனன் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எதிரில் தன் இடுப்பளவுச் சுவரைப் பார்த்தான். யாருக்கோ கைமாற்றி விடலாம் என்று சொன்ன சுவர். மழைத்தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"அந்தப் புள்ளி எங்க?" என்று கேட்டான் கடைசியில். "நீங்க துளைக்காம விட்டது."

திருகாணி சிம்னியைப் பார்த்தார். அதற்கும் மின்கம்பத்துக்கும் ஒரு கோடு போட்டு மனத்துக்குள் அளந்தார். முள் இல்லை, வெயில் இல்லை, ஆனாலும் இடம் அவருக்கு மறக்கவில்லை.

"இங்கதான் மாப்ளே. நாம நிக்கற எடம்."

மைத்துனன் தன் காலைக் குனிந்து பார்த்தான். குழந்தையோடு நின்ற அக்காவின் முழங்கையைப் பிடித்தான். டிரைவரின் மனைவியையும் கூப்பிட்டான். தூங்குகிறவனைத் தாண்டிப் போகிற மாதிரி, அதிர்ந்து மிதிக்காமல், மெல்ல மெல்லப் பெரிய ரோட்டைப் பார்த்து நடத்திக்கொண்டு போனான்.

பத்தடி போனபின் நின்று திரும்பிப் பார்த்தான். திருகாணி அந்த இடத்திலேயே நின்றிருந்தார்.

"நீங்களும் வாங்க" என்றான். அத்தான் என்று சொல்லவில்லை.